தென்னை மறையும் தூரம்

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட அன்று நான் நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ துறை ஆசிரியர். வீட்டில் பல நாள் கரண்ட் இல்லை. கடற்கரை ஊர்களில் நிலைமை அதைவிடக் கொடுமை. கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே செல்போன் சிக்னல் போய்விடும். அதற்கு அப்பால் இருந்தவர்களுக்குப் புயல் வருகிற சேதி எப்படிப் போகும்?

கல்லூரி திறந்ததும் குளச்சலைச் சேர்ந்த மாணவன் ஒருவன் கேட்டான்: “வயர்லெஸ் பாடம் நடத்துறீங்களே சார், இதுக்கு ஏதாவது பண்ண முடியாதா?” அவன் சித்தப்பா அதுவரை திரும்பியிருக்கவில்லை. அடுத்த வருஷம் இதையே ஆய்வுப் பொருளாக வைத்து பார்ட் டைம் பிஎச்டிக்குப் பதிவு செய்தேன்.

கோர்ஸ்வொர்க் சனி, ஞாயிறுகளில் ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியின் முதல் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் நேராகக் கேட்டார்: “சாட்டிலைட் இருக்கும்போது இது எதற்கு?” நியாயமான கேள்வி. வாரக்கணக்கில் தங்கல் போகிற ஆழ்கடல் போட்டுகளுக்குச் செயற்கைக்கோள்தான் வழி. நான் அதோடு போட்டி போடவில்லை. தினமும் போய்வரும் சின்ன வள்ளங்களுக்கு, குறைந்த செலவில், மாதக் கட்டணம் இல்லாமல் ஒரு வரிச் செய்தி கரைக்கும் கடலுக்கும் போய்வர வேண்டும். என் எல்லை அவ்வளவுதான். அந்த எல்லையை அன்றே எழுதிக் கொடுத்தது பின்னால் பலமுறை கைகொடுத்தது.

இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள ரேடியோ அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உண்டு. அதில், குறைந்த மின்சக்தியில் சின்னச் செய்திகளை வெகுதூரம் அனுப்பும் லோரா என்ற முறையை எடுத்துக்கொண்டேன். கடல் மேல் ரேடியோ அலை போகும்போது நேராக ஒன்று, நீரில் பட்டுத் தெறித்து ஒன்று என இரண்டு கதிர்கள் வந்து சேரும். குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னலின் திறன் 4-ல் ஒரு பங்காகும். இங்கே 16-ல் ஒரு பங்காகிவிடும். கரையில் 15 மீட்டர், போட்டில் 4 மீட்டர் உயர ஆன்டெனா என்றால் இந்த மாற்றம் ஏறக்குறைய 700 மீட்டரிலேயே ஆரம்பம். பூமியின் வளைவு அனுமதிக்கும் தூரம் சுமார் 24 கிலோமீட்டர். இதையெல்லாம் வைத்து இரண்டு வருஷம் சிமுலேஷன் ஓட்டி எழுதிய பேப்பர் நிராகரிக்கப்பட்டது. பேப்பரை மதிப்பிட்ட ரிவியூவர் ஒருவர் கேட்டது ஒன்றே ஒன்று: கடலில் அளந்தீர்களா?

அளக்கப் போனேன். மாணவனின் உறவுக்காரர் ஒருவருடைய போட்டு, குளச்சலிலிருந்து. கரையோர மாடி ஒன்றில் ஒரு ரேடியோ பெட்டி. போட்டில் இன்னொரு பெட்டி, ஜிபிஎஸ், மெமரி கார்டு. முதல் நாள் 9 கிலோமீட்டரில் பெட்டி ஊமையாகிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓட்டுநர் அண்ணன் கரையைக் காட்டி, “மொதல்ல வீடு மறையும், பொறவு தென்னை, அதுக்கப்புறம் கோவில் கோபுரம். மலை கடைசி வரை நிக்கும். ஒங்க பெட்டி தென்ன ஒசரத்துலதான இருக்கு? தென்ன மறையுறவரை பேசணும் சாரே. தென்ன இன்னும் தெரியுது, பாத்தியளா?” என்றார்.

நான் சூத்திரமாகப் படித்த ரேடியோ அடிவானத்தைத்தான் அவர் சொன்னார். ரேடியோ அலை காற்றில் லேசாக வளைவதால் கண்ணுக்கு எட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போகும். தென்னை தெரியும்போதே பெட்டி ஓய்ந்தால் தப்பு கடலில் இல்லை, என் கருவியில்.

கரைக்கு வந்து ஆன்டெனா கனெக்டரைக் கழற்றினேன். ஒரே வாரத்தில் உப்பு ஏறி, செம்பில் பச்சை பூத்திருந்தது. ஆன்டெனாவை இரும்புக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டியதும் என் தவறு. கம்பத்திலிருந்து தள்ளி மூங்கிலில் கட்டி, கனெக்டரை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றி, மேலே கிரீஸ் தடவினோம். அடுத்த பயணத்தில் 17 கிலோமீட்டர்.

பேப்பரைத் திருத்தி அனுப்பினேன். ஒரே ஆன்டெனா உயரத்தில் எடுத்த அளவு போதாது, மறுபடி அளந்து 90 நாளில் அனுப்புங்கள் என்று மே மாதக் கடைசியில் பதில் வந்தது. சரியாக மீன்பிடித் தடைக்காலம். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல் என்பதால் இரண்டு தடைக்காலம்: கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகு கிடையாது. ஆனால் வள்ளங்களுக்குத் தடை இல்லை. அதே ஓட்டுநர் அண்ணன், தன் தம்பியின் வள்ளத்தில் ஏற்பாடு செய்தார். அதில் ஆன்டெனா உயரம் 2 மீட்டர்தான். ரிவியூவர் கேட்ட இரண்டாவது உயரம் அப்படித்தான் கிடைத்தது.

நிமிடத்துக்கு ஒன்று என்றிருந்த செய்தியை இந்த முறை வினாடிக்கு ஒன்றாக மாற்றியிருந்தேன். வரைபடத்தில் சிக்னல் பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை சரிந்து எழுந்தது. வள்ளம் அலைப் பள்ளத்தில் இறங்கி ஏறும் அதே கணக்கு! ஒரே செய்தியை அலை நேரத்தைவிடச் சற்றுத் தள்ளித் தள்ளி மூன்று முறை அனுப்பினால் ஒன்றாவது மேட்டில் மாட்டும். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் இதுதான்.

அதன்பின் பேப்பர், சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம், வைவா என்ற வாய்மொழித் தேர்வு. சினாப்சிஸ் கொடுத்ததிலிருந்து வைவா தேதி வர மாதக்கணக்காகும். அந்தச் சமயத்தில் வேலையை நிறுத்திவிடாதீர்கள். பார்ட் டைமில் சேருகிறவர்களுக்கு இன்னொன்று: கச்சா அளவுகளை ஒன்றையும் அழிக்காதீர்கள். வைவாவில் வெளியூர்த் தேர்வாளர் அந்த 9 கிலோமீட்டர் நாளின் பதிவைத்தான் முதலில் கேட்டார். கனெக்டர் படத்தோடு காட்டினேன்.

பட்டம் வாங்கியதும் அண்ணனைப் பார்க்கப் போனேன். “மலையில வச்சா என்ன சாரே?” என்று கேட்டார். 100 மீட்டர் உயரத்தில் வைத்தால் அவர் போட்டுக்குக் கணக்குப்படி 49 கிலோமீட்டர். ஒரு குன்றின் மேல் இடம் பார்த்து, பெட்டியும் சோலார் பலகையும் ஏற்றியாகிவிட்டது. ஆகஸ்ட் 1 குளச்சல் திறந்ததும் அவர் போட்டில் போகிறோம்.