துபாயில் நிலைத்தவர்கள்

துபாயில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும் சென்ற மாதம் வந்திறங்கியவரும் சட்டத்தின் முன் பெரும்பாலும் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். இருவரின் இருப்பும் வேலையோடோ தொழிலோடோ பிணைந்த விசாவைப் பொறுத்தது. அங்கேயே பிறந்து, பள்ளிப்படிப்பை முடித்து, தமிழோடு இந்தியும் மலையாளமும் சரளமாகப் பேசும் தமிழ்ப் பிள்ளைக்கும் பிறப்பால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. மணமாகாத மகனைப் பெற்றோர் தம் விசாவின் கீழ் வைத்திருப்பதற்கான வயது வரம்பு 2022இல் 18இலிருந்து 25ஆக உயர்த்தப்பட்டபோது பல வீடுகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குக் காரணம் இதுவே.

2019இல் நடைமுறைக்கு வந்த, நீண்டகாலம் தங்க அனுமதிக்கும் கோல்டன் விசா பத்தாண்டு வரை உறுதி தருகிறது என்பது உண்மை. ஆனால் அது முதலீட்டாளர், மருத்துவர், விஞ்ஞானி போன்றோரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் முகாமில் அடுக்குக் கட்டிலில் உறங்கும் கட்டடத் தொழிலாளிக்கு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி இருக்கிறது (அது தேவையான விதிதான்). குடும்பத்தை அழைத்துவரவோ குறைந்தது 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். அந்த நகரத்தின் கோபுரங்களை எழுப்பியவர்களில் மிகப் பலர் இந்த வரம்பை எட்டாமலேயே ஊர் திரும்புகிறார்கள்.