கடைசியில் நடப்பவள்

எங்கள் மலையேற்றக் குழுவில் என் இடம் கடைசி. முன்னால் வழி தெரிந்த உள்ளூர்க்காரர் போவார், நடுவில் நாங்கள் கூட்டிவந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது, அதுதான் வேலை. ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்கு வேலூர், காட்பாடி ஆட்களை அழைத்துப் போன நாட்களிலேயே இது பழகிவிட்டது. கடைசியில் நடக்கிறவளுக்கு முகம் தெரியாது, முதுகும் குதிகாலும்தான் தெரியும். பல வருடம் பார்த்துப் பார்த்து, குதிகாலை வைத்தே ஆள் எப்படி இருக்கிறார் என்று சொல்லும் அளவுக்குக் கண் தேறியிருக்கிறது.

ஏலகிரி ஊர் சுமார் 1,100 மீட்டர் உயரம். அங்கே வரும் தொந்தரவுகள் நமக்குத் தெரிந்தவை. வியர்த்துக் கொட்டும், நாக்கு வறளும், முட்டி பிடித்துக்கொள்ளும். நிழலில் உட்காரவைத்து உப்புப் போட்ட மோர் கொடுத்தால் அரை மணியில் எழுந்து நடப்பார்கள். இமயமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போக ஆரம்பித்தபோது இந்த அனுபவம் போதும் என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடம் காலாண்டு விடுமுறையில் 11 பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் ஆசிரியர்கள். மணாலிக்கு மேலே பிருகு ஏரி. காலையில் ஜீப்பில் குலாபா வரை போய், புல்வெளி வழியாக ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுவதாகத் திட்டம். ஆறு வாரம் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்தினகிரி படி. கால்கள் தயாராகிவிட்டன.

அவர்களில் ஒருவர் குடியாத்தத்துக்காரர், 54 வயது, சமூக அறிவியல் ஆசிரியர். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் செருப்பில்லாமல் நடக்கிறவர். எங்கள் எல்லோரிலும் நல்ல நடைக்காரர் அவர்தான். வீட்டில் செய்து கொடுத்த எள்ளுருண்டை டப்பாவை ரயில் காட்பாடியை விட்டுக் கிளம்பியதிலிருந்தே எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு வந்தார்.

மலையில் மரங்கள் முடிந்து வெறும் புல் தொடங்கியது. அதுவரை வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக நடந்தவர், 11 மணி போல எனக்கு நேர் முன்னால் வந்துவிட்டார். காரணம் கேட்காமல் பார்த்துக்கொண்டே நடந்தேன். இடது ஷூவின் முனை கற்களில் உரசியது. கைத்தடி, ஊன்ற வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பேச்சு நின்றிருந்தது. உட்கார்ந்த இடத்தில் டப்பாவைத் திறந்து எனக்கு ஓர் உருண்டை கொடுத்தார், தான் எடுக்கவில்லை.

"நீங்க சாப்பிடலையா சார்?"

"வேணாம்மா. வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"தலை வலிக்குதா?"

"லேசா. வேலூர் வெயில்ல காஞ்ச உடம்பு இது, ஒண்ணும் ஆகாது."

வெயிலைத் தாங்கும் உடம்பு உயரத்தையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய 60 சதவீதமாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைவு. அப்புறம் தண்ணீர். இங்கே அது வியர்வையாகப் போவது கண்ணுக்குத் தெரியும். அங்கே வறண்ட குளிர்காற்றில் மூச்சோடு போய்விடும், சட்டை நனையாது, தாகமும் எடுக்காது. அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் நிரப்பியது அப்படியே கனத்தது.

சமதரை பார்த்து, ஒரு காலின் குதியை அடுத்த காலின் விரலில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். உயரத்தில் இப்படித் தள்ளாடினால் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை, ஆக்சிஜன் எல்லாம் துணைக்குத்தான். உடனே இறங்குவதுதான் வைத்தியம்.

ஏரிக்கு அரை மணி நேரம்கூட இல்லை. "எட்டிப் பார்த்துட்டு வந்துடறேம்மா" என்று கெஞ்சினார். என் அப்பா வயது, இதற்கென்றே காசு சேர்த்து வந்தவர். எனக்குத் தொண்டை அடைத்தது. "இல்ல சார், இறங்கலாம்" என்றேன். மற்றவர்களை வழிகாட்டி மேலே கூட்டிப்போனார். உதவிக்கு வந்த உள்ளூர்ப் பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெகுதூரம் வரை சார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தப்பு அவரிடம் இல்லை. முந்தின நாள் மாலைதான் மணாலியில் வந்து இறங்கியிருந்தோம். மணாலியே 2,000 மீட்டர் சொச்சம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, மறுநாளே அதற்கு மேல் இன்னொரு 2,000 மீட்டர். லீவு நாட்களை எண்ணித் திட்டம் போட்டோமே தவிர, உடம்பு பழக எத்தனை நாள் வேண்டும் என்று எண்ணவில்லை. அந்தத் திட்டத்துக்குச் சரி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நடைக்கு முன்னால் குறைந்தது மூன்று ராத்திரி மேலே தங்கவைக்கிறேன், நடுவில் ஒரு நாள் பாதி உயரம் வரை ஏறி இறங்க வைக்கிறேன். செலவு கூடுகிறது, அதனால் சிலர் வருவதில்லை. இதில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை.

நானூறு மீட்டர் போல இறங்கியதும் ஓர் ஓடை வந்தது. சார் முகம் கழுவினார், தண்ணீர் குடித்தார். தலைவலி விட்டிருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே டப்பாவைத் திறந்து ஓர் எள்ளுருண்டையைப் பாதி கடித்தார்.

"ஏரி எப்படிம்மா இருக்கும்?"

நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நடுவில் நீலம், கரையோரம் கல் கல்லாகத் தெரியும் என்றேன். பிருகு முனிவர் அங்கே தவம் செய்ததாக அந்த ஊர்க்காரர்கள் நம்புவதையும் சொன்னேன். மென்றுகொண்டே கேட்டார்.

"டார்ன் ஏரி. பனியாறு குடைஞ்ச பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்கிறது. ஒன்பதாம் வகுப்புல எத்தனையோ வருஷமா போர்டுல வரையறேன்" என்றவர், கைத்தடியை எடுத்து ஓடைக்கரை ஈர மண்ணில் வரைய ஆரம்பித்தார். நாற்காலி மாதிரி குடைந்த பள்ளம், பின்னால் செங்குத்துச் சுவர், முன்னால் உதடு மாதிரி ஒரு மேடு, நடுவில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு. நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக வந்தது.