அடாமிக் 4: கடைசி ஸ்டட் வந்தது, ஹெட் கழன்றது

என் பாய்மரப் படகின் எஞ்சினில் ஒருவழியாக ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடி, கழன்றுவிட்டது. பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) மேல் முகத்தில் ஒரு கீறல் இல்லை, ஸ்டட் (ஹெட்டைப் பிடித்திருக்கும், பிளாக்கில் திருகிய கம்பி) ஓட்டைகளின் திரெட் எல்லாம் முழுசாக இருக்கிறது, முறிந்துபோன ஒரே ஒரு ஸ்டட்டையும் வெளியே எடுத்தாயிற்று. வாரக்கணக்கில் இந்த ஒரு வேலையிலேயே கிடந்திருக்கிறேன், அதனால் எஞ்சின் ஓடிவிட்ட மாதிரியே சந்தோஷம். மீதி வேலை முடியட்டும் என்று காத்திருந்தால் பாதி விவரம் மறந்துவிடும், ஆகவே இதை மட்டும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

எஞ்சின் யூனிவர்சல் கம்பெனியின் அடாமிக் 4. 1947இல் வந்து 1980களின் நடுப்பகுதி வரை 40,000க்கு மேல் தயாரான நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 30 குதிரைத்திறன். பழைய பாய்மரப் படகு வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். வால்வுகள் பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சைடு வால்வு அமைப்பு என்பதால் ஹெட்டில் வால்வு, ராக்கர் எதுவும் கிடையாது. எரியறைக் குழிகளும் தண்ணீர் ஓடும் வழிகளும் உள்ள வார்ப்பிரும்பு மூடி, அவ்வளவுதான். பார்க்க எளிமை, கழற்றுவதில்தான் எல்லாக் கஷ்டமும்.

எடுக்க வேண்டிய காரணம்: மற்ற மூன்று சிலிண்டரில் கம்ப்ரெஷன் (பிஸ்டன் அமுக்கும்போது வரும் அழுத்தம்) 90 பிஎஸ்ஐ பக்கம் நின்றது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 30ஐத் தாண்டவில்லை. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தேன், அளவு ஏறவே இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் விட்டதும் ஏறியிருக்கும். அப்படியானால் வால்வு, இல்லாவிட்டால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் கேஸ்கெட். எதுவானாலும் ஹெட்டைத் தூக்காமல் ஆகாது. ஹெட்டைத் தூக்குவதென்றால் எஞ்சினையே வெளியே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்த எஞ்சினின் வேலையில் பாதி நெருப்பு வைத்துச் செய்வது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கி படகின் அடிவயிறான பில்ஜில் தங்கும். படகுக்குள் வைத்து பர்னர் பற்ற வைக்கிற பேச்சே வேண்டாம்.

வெளியே எடுத்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், கார்புரேட்டர், மேனிஃபோல்ட் எல்லாம் முதலில் கழற்றிக் கனத்தைக் குறைத்தேன். ஒவ்வொரு வயருக்கும் ஹோஸுக்கும் துணி டேப்பில் எண், அதே எண்ணில் ஒரு போட்டோ. பூமுக்கு (பாயின் அடியில் கிடையாக நிற்கும் கம்பம்) ஹாலியார்டை (பாய் ஏற்றும் கயிறு) இறுக்கிக் கட்டித் தாங்கு கொடுத்து, அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டுத் தூக்கினேன். பூமை மட்டும் நம்பித் தூக்கக் கூடாது, கனம் ஹாலியார்ட் வழியாக மாஸ்ட்டுக்கு, அதாவது பாய்மரத்துக்குப் போக வேண்டும். படிவாசலில் எஞ்சினைச் சற்றுச் சாய்க்க வேண்டியிருக்கும், எண்ணெயை முன்னாலேயே வடித்து வையுங்கள். இன்னொன்று, தூக்கு வளையம் ஹெட் ஸ்டட்டிலேயே மாட்டியிருக்கும். எஞ்சின் தரைக்கு வரும்வரை அந்த ஸ்டட்டில் கை வைக்காதீர்கள்.

இனி ஸ்டட் கதை.

நட்டெல்லாம் பெரும்பாலும் சொன்னபடி வந்தது. ஆனால் நட்டைக் கழற்றினால் ஹெட் வரும் என்பது வேறு எஞ்சினுக்கு. இதில் கடல்நீரே நேரடியாக பிளாக்கிலும் ஹெட்டிலும் ஓடுகிறது, கேஸ்கெட் ஓரமாகக் கசிந்த தண்ணீர் பல வருஷமாக ஸ்டட்டைச் சுற்றித் தங்கியிருக்கிறது. ஸ்டட்டுக்கும் ஹெட் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளி முழுக்க துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் அங்கே ஆப்பு அடித்தது போல இறுகிக் கிடக்கிறது. ஹெட்டை மேலே இழுத்தால் எல்லா ஸ்டட்டும் ஒரே நேரத்தில் எதிர்த்து நிற்கும். எந்த நெம்புகோலும் அதை ஜெயிக்காது, உடைவது வார்ப்பிரும்பாகத்தான் இருக்கும்.

உளியைக் கேஸ்கெட் இடுக்கில் வைத்து அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. பிளாக் முகத்தில் விழும் ஒரு வடு போதும், புது கேஸ்கெட் அந்த இடத்தில் என்றைக்கும் அடைக்காது. என் வழி இதுதான்: ஹெட்டை மறந்துவிடுங்கள், ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாகப் பிளாக்கிலிருந்து திருகி எடுங்கள். கடைசி ஸ்டட் வந்த பிறகு ஹெட்டைப் பிடித்திருக்க எதுவும் இல்லை.

திருகுவதற்கு முதலில் டபுள் நட். இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பானர் வைத்துத் திருப்புவது. நன்றாக இருக்கும் ஸ்டட்டுக்கு இதுவே போதும். பிடிவாதமான ஸ்டட்டில் இரண்டு நட்டும் சேர்ந்தே சுற்றிவிடும், மேல் திரெட்டும் கெட்டுப்போகும். அதற்கு ஸ்டட் ரிமூவர் வேண்டும், அதிலும் எந்த ரகம் என்பது முக்கியம். ஒரு பக்கமாகக் கடிக்கும் பல் சக்கரம் உள்ள ரகத்தைத் தொடாதீர்கள். அது ஸ்டட்டைத் திருப்புவதோடு ஒரு பக்கமாக வளைக்கவும் செய்யும், துருப்பிடித்த ஸ்டட் முறிவதற்கு அந்த வளைவே காரணமாகிவிடும். உள்ளே உருளைகள் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் சாக்கெட் ரகம்தான் சரி. எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு இறுகும், வளைக்காது. கொஞ்சம் விலை கூடினாலும் நல்ல எஃகில் செய்ததாக வாங்குங்கள், மலிவானதில் உருளைகள் வழுக்கிவிடும்.

ஆனால் கருவியைவிட முக்கியம் சூடும் மெழுகும். முதலில் அசிட்டோனும் ஏடிஎஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுவது) சரிபாதி கலந்து ஒவ்வொரு ஸ்டட் அடியிலும் விட்டு ஊற வைத்தேன். நட் வரைக்கும் அது உதவியது, ஹெட் ஓட்டைக்குள் அத்தனை ஆழத்துக்கு இறங்கவில்லை. இறங்கியது மெழுகு. ஸ்டட்டின் வெளியே தெரியும் பகுதியை பர்னரால் மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்க வேண்டும், ஹெட்டை அல்ல, ஸ்டட்டை மட்டும். சூட்டில் ஸ்டட் விரிந்து சுற்றியுள்ள துருவை நசுக்கும். தீயை எடுத்துவிட்டுச் சிவப்பு அடங்கிய பிறகு, ஆறிக்கொண்டிருக்கும்போதே சாதாரண மெழுகுவர்த்தியை ஸ்டட் அடியில் தொட்டால், மெழுகு உருகி ஓடி அந்த இடுக்குக்குள் மறைந்துவிடும். கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை விளிம்பிலேயே குளமாக நிற்கும், அடுத்தடுத்த சூட்டில் தொட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்ச ஆரம்பித்துவிட்டால் அந்த ஸ்டட் வரப்போகிறது என்று அர்த்தம்.

ஆற விடுங்கள், தானாக. தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். ஆறியதும் ஸ்டட் தலையில் நேராக நாலைந்து அடி, வேகமாக வேண்டாம், கனமான சுத்தியலால் திடமாக. அப்புறம்தான் ரிமூவர். முதல் அசைவை இளக்கும் பக்கமாக இல்லாமல் இறுக்கும் பக்கமாகக் கொடுத்துப் பாருங்கள், துரு உடைவதற்கு எந்தப் பக்கம் என்பது கணக்கில்லை. ஒரு இம்மி நகர்ந்தால் உடனே திரும்ப. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், நடுவே ஒரு சொட்டு எண்ணெய். பாதிச் சுற்று வந்த சந்தோஷத்தில் ஒரே மூச்சாகத் திருப்பினால் துருத்தூள் திரெட்டில் சேர்ந்து மறுபடி பிடித்துக்கொள்ளும், அந்த இடத்தில்தான் ஸ்டட் முறியும். கையில் ஒரு மாதிரி ரப்பர் போன்ற மீள்வு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அது ஸ்டட் முறுகுகிறது, இளகவில்லை. நன்றாக இளகும் ஸ்டட் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இந்த வேலையை இன்னொரு எஞ்சினில் செய்யலாம்.

முறிந்தது பின் மூலையில் ஒன்று. வெளியே வந்த துண்டைப் பார்த்தால் நடுவில் பாதி கனம்தான் மிச்சம், எப்படிச் செய்திருந்தாலும் முறிந்திருக்கும். ஹெட் ஓட்டைக்குள் முறிந்ததால் மேலிருந்து எட்டவில்லை. மற்ற ஸ்டட்டெல்லாம் போன பிறகு ஹெட்டை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் பிடித்துக்கொண்டு சற்றே சுழன்றது. அந்தச் சின்னச் சுழற்சியே துருவை அரைத்து விட்டுவிட்டது, ஹெட் மேலே வந்தது. பிளாக்கில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மொட்டைத் துண்டு நின்றது. அதற்கு மேல் முதலில் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட் வைத்து, நட்டின் உள்ளே வெல்டு செய்து நிரப்பினோம். வெல்டிங் செய்தவர் இதில் பழக்கமான நண்பர். அந்த வெல்டின் சூடே துண்டை இளக்கிவிடும், சிவப்பு போனதும் ஸ்பானர் வைத்தால் போதும். முதல் நட் கையோடு வந்துவிட்டது, அடுத்ததற்கு ஸ்டட் சுழன்றது. முறிந்த துண்டில் ஓட்டை போட்டு ஈஸி அவுட் (ஓட்டைக்குள் கடித்துத் துண்டைத் திருகி எடுக்கும் கருவி) அடிக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வேண்டாம். அது உள்ளே உடைந்தால் கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் நடுப்புள்ளி சரியாகக் குத்தி, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் பயன்படுத்துங்கள், பாதி நேரம் ஓட்டை போடும்போதே துண்டு திருகிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம், பலர் விட்டுவிடுவது. எல்லா ஸ்டட்டும் ஒரே நீளம் இல்லை. ஆல்டர்நேட்டர் பிராக்கெட், தூக்கு வளையம் வரும் இடங்களில் நீளம் வேறு. ஒரு அட்டையில் ஹெட்டின் வெளிக்கோடு வரைந்து, அதே இடங்களில் ஓட்டை போட்டு, வந்த வரிசைப்படி ஒவ்வொன்றையும் செருகி வைத்திருக்கிறேன். பழையதை மறுபடி போடப்போவதில்லை, ஆனால் புது செட் வந்ததும் ஒன்றுக்கு ஒன்று அளந்து பார்க்க இந்த அட்டைதான் ஆதாரம்.

புது செட் என்றதும் நினைவுக்கு வருகிறது. அடாமிக் 4இல் முன்கால மாடல், பின்கால மாடல் என்று இரண்டு உண்டு, வாட்டர் பம்ப் போன்ற சில பாகங்கள் ஒன்றில் உள்ளது மற்றதில் சேராது. எஞ்சின் எண்ணும் போட்டோவும் அனுப்பிய பிறகும் ஒரு கடைக்காரர் வேறு மாடலின் பம்பை அனுப்பி வைத்தார், திருப்பி எடுக்கவும் மறுத்தார். பொதுவான படகு சாமான் கடைகளைவிட இந்த எஞ்சினுக்கு மட்டுமே பாகம் விற்பவர்களிடம் வாங்குவது நிம்மதி, அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். ஸ்டட்டும் கேஸ்கெட்டும் அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். சில ஸ்டட் ஓட்டைகள் நேராகத் தண்ணீர் அறைக்குள் திறக்கின்றன, அதனால் போடும்போது பிளாக் பக்கத் திரெட்டில் சீலன்ட் கட்டாயம். நட்டுக்கு முறுக்கு 35 அடி-பவுண்டு, அதாவது சுமார் 47 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக ஏற்றி, ஓட்டி ஆறிய பிறகு மறுபடி ஒரு சுற்று.

ஹெட்டைத் தூக்கியதும் குற்றவாளி தெரிந்தது. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு பாதி திறந்தபடி கைடில் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்டில் துரு, வால்வு உட்காரும் சீட்டில் வெள்ளையும் பழுப்புமாகப் பூத்திருக்கிறது. தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகத் திரும்பி ஏறியிருக்கிறது. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை ஸ்டார்ட்டரால் நெடுநேரம் சுழற்றும்போது (கிராங்க்) இது நடக்கும், பம்ப் கடல்நீரை எக்ஸாஸ்ட்டுக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளப் புகை இருக்காது, மஃப்ளர் நிறைந்து பின்னோக்கி வரும். ஸ்டார்ட் எடுக்கத் தகராறு செய்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுக் கிராங்க் செய்யுங்கள், ஓடியதும் உடனே திறந்துவிடுங்கள். நல்ல வேளை, சிலிண்டர் சுவரில் குழி விழவில்லை, மேல் விளிம்பில் லேசான படி மட்டும்.

தண்ணீர் வழிகளில் செதில் செதிலாகத் துருவும் சுண்ணாம்பும். கடல்நீர் நேரடியாக ஓடும் எஞ்சினை 60 டிகிரிக்கு மேல் சூடாக விடாததே இந்தப் படிவுக்குப் பயந்துதான். எஞ்சின் மறுபடி உள்ளே போகும்போது ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல்நீரால் நன்னீரைக் குளிர வைக்கும் பெட்டி) வைத்து நன்னீர்ச் சுற்றாக மாற்றிவிட ஆசை, அளவெல்லாம் எடுத்து இடம் கூடப் பார்த்துவிட்டேன். அதற்கு முன் பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறையை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றி உள்ளே சுரண்ட வேண்டும். அந்தத் தகட்டின் போல்ட்டுகளைப் பார்த்தால் ஸ்டட்டுகளின் தம்பிகள் மாதிரியே நிற்கின்றன, இன்று மாலையே சூடும் மெழுகும் ஆரம்பித்துவிட்டேன். ஒட்டிய வால்வு எண்ணெயில் ஊறுகிறது. ஹெட்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்ததில் ஒரு ஓரத்தில் சந்தேகம், லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். வால்வு அசைந்தால் அடுத்து சீட் உரசல், அசையாவிட்டால் கைடை மாற்றுவது பற்றி எழுதுகிறேன்.