பதினான்கு பேருக்காக உயிர்விட்ட குழு

எக்ஸ்-மென் என்ற அமெரிக்க சாகச நாயகர் குழுவின் காமிக்ஸ் ஒருகாலத்தில் விலைபோகாத சரக்காக இருந்தது என்பதை என் அக்காள் மகன் நம்ப மறுத்தான். சென்ற ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம் புத்தகக் கடையின் காமிக்ஸ் அலமாரிக்கு முன்னால் நின்றுதான் இந்த வாக்குவாதம். 1963-இல் தொடங்கிய அவ்விதழில் 1970-க்குப் பிறகு ஐந்தாண்டுகள் பழைய கதைகளே மறுபதிப்பாக வந்துகொண்டிருந்தன என்பதையும், 1975-இல் எழுத்தாளர் லென் வீனும் ஓவியர் டேவ் காக்ரமும் கென்யா, ஜெர்மனி, ரஷ்யா என்று பல நாட்டவரைச் சேர்த்துப் புதுக் குழு அமைத்த பிறகே அது தலையெடுத்தது என்பதையும் சொன்னேன். "அப்படியானால் எந்தப் பழைய குழுவையும் தூக்கி நிறுத்திவிடலாமா, மாமா?" என்று கேட்டான்.

புதிய உடை தைத்துக் கொடுத்து, இதழ் எண்ணை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினால் மட்டும் எந்தக் குழுவும் எழுந்துவிடாது என்பதே என் கருத்து. டூம் பேட்ரோல் என்ற இன்னொரு அமெரிக்க காமிக்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை சரிந்து இதழை மூடும் நிலை வந்தபோது, 1968-இல் கடைசி இதழில், பதினான்கு பேர் மட்டுமே வாழும் ஒரு மீனவக் கிராமத்தைக் காப்பாற்றுவதற்காக அக்குழுவினர் தங்கள் உயிரையே கொடுத்தார்கள். 1987-இல் அக்குழுவுக்குப் புதிய தொடர் வந்தபோது அது வழக்கமான சாகசக் கதையாகவே நடந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 19-ஆம் இதழில் எழுத்தாளர் கிராண்ட் மாரிசன் பொறுப்பேற்றதும்தான் அதற்கு உயிர் வந்தது. மூளை மட்டும் மனிதனுடையதாக எஞ்சி, மற்றதெல்லாம் இரும்பாகிப்போன கிளிஃப் ஸ்டீல் என்ற குழு உறுப்பினரை அவர் மனநல மருத்துவமனையில் உட்காரவைத்து, இழந்த உடலின் நினைவு ஒருவனை என்ன பாடுபடுத்தும் என்று கேட்டார். அந்தப் பாத்திரம் பிறந்த நாளிலிருந்தே அதற்குள் இருந்த கேள்விதான் அது.

அதிகம் அறியப்படாத பாத்திரங்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. பெரும்புகழ் பெற்ற நாயகன் சாகமாட்டான் என்பது வாசகனுக்கு முன்பே தெரியும். பெயர் தெரியாதவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1987-இல் ஜான் ஆஸ்ட்ராண்டர் மூன்றாந்தரக் குற்றவாளிகளைத் திரட்டி எழுதிய சூசைட் ஸ்குவாட் காமிக்ஸ் தொடர் இன்றும் பதற்றத்தோடு படிக்கப்படுவதற்கு அதுவே காரணம்.

ஆனால் யாருக்குப் பெயர் தெரியாதவன் என்பதையும் கேட்க வேண்டும். 2005-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஆலன் மூர் கதையமைத்த ஆல்பியன் என்ற காமிக்ஸ் தொடரில், மறக்கப்பட்ட பழைய பிரிட்டிஷ் நாயகர்களை அந்நாட்டு அரசே சிறைவைத்திருக்கும். அவர்களுள் ஒருவர், மின்சாரம் பாய்ந்தால் கையைத் தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும் மனிதர். அங்கே அவரை ஞாபகப்படுத்த ஒரு தொடரே தேவைப்பட்டிருக்கிறது. நமக்கோ அவர் 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்திறங்கிய இரும்புக்கை மாயாவி!

அன்று மாலை என்னிடமிருந்த மாயாவி மறுபதிப்பைப் பையன் கேட்டு வாங்கிப் போனான். அவன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நான்கு நாளாகியும் இன்னும் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறான்.