ரேடான் குழாய் வைத்தாயிற்று, அளவு மட்டும் இறங்கவில்லை

ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு. அதைத் தளத்துக்கு அடியிலிருந்தே இழுத்து வெளியேற்றும் ஃபேன் ஓடுகிறது, கூரைக்கு மேல் குழாய் நிற்கிறது, முக்கால்வாசிப் பணமும் கொடுத்தாயிற்று. மறுசோதனையில் ரேடான் அளவு லிட்டர் காற்றுக்கு 6.3 பிகோக்யூரி (கதிரியக்க அளவு)! 4-ஐத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டால், "11.6 இருந்தது, இப்போது பாதிதானே இருக்கிறது, நல்ல முன்னேற்றம்தான்" என்கிறார். காய்ச்சல் பாதி குறைந்தது என்று எந்த டாக்டராவது ஃபீஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாரா?

எங்கள் வீடு பென்சில்வேனியாவில், ஆலன்டவுன் பக்கம். ரேடான் விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு. பக்கத்து பெர்க்ஸ் கவுன்ட்டியில் வசித்த ஸ்டான்லி வாட்ரஸ், 1984-ல் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்த கதிர்வீச்சு அலாரம் அவரைக் கண்டதும் அடிக்க ஆரம்பித்தது. தேடிப் போனால், கதிரியக்கம் அவருடைய வீட்டிலிருந்துதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டுக்குள் லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோக்யூரி ரேடான். அமெரிக்காவில் வீடு வீடாக ரேடான் பார்க்கும் வழக்கம் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டை விற்றவர் கொடுத்த பழைய ரிப்போர்ட்டில் 2.9 என்றிருந்தது. ஜூலை மாதத்தில் எடுத்தது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறி வெளியேற, அந்த இழுப்பில் அடிமண்ணிலிருக்கும் காற்று பேஸ்மென்ட் விரிசல்கள் வழியாக உள்ளே வரும். ஜன்னல்களும் மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். ஆகவே கோடைக்கால ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் நம்பாதீர்கள், பனிக்காலத்தில் ஒரு தடவை பாருங்கள். என் அலுவலக அறையே பேஸ்மென்ட்டில் இருப்பதால் நான் பார்த்தேன்.

முதலில் வாங்கிய கரி டப்பா (காற்றிலிருக்கும் ரேடானைக் கரியில் பிடித்து, லேபுக்கு அனுப்பி அளக்கும் சோதனை டப்பா) வீணாய்ப் போனது. சோதனைக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே கதவு ஜன்னலைச் சாத்தி வைத்து, தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேலே டப்பாவை வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம். தபாலில் போட்ட நேரம் தாங்ஸ்கிவிங் விடுமுறை. வழியில் எங்கோ கிடந்துவிட்டு லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது, "தாமதம், முடிவு செல்லாது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள்தான். டப்பா சும்மா கிடந்தாலும் உள்ளே பிடித்து வைத்தது கரைந்துகொண்டே போகும். இதைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம், பொடி எழுத்தில் உள்ளே மடித்து வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அனுப்பும்படி திட்டமிட்டு ஆரம்பியுங்கள். அடுத்த டப்பாவில் வந்ததுதான் அந்த 11.6.

டொரோண்டோவில் இருக்கும் மச்சான், "எங்கள் ஊரில் 200 வரைக்கும் ஒன்றும் செய்யச் சொல்வதில்லை, நீங்கள் பதினொன்றுக்குப் போய் இப்படி அலறுகிறீர்களே" என்று சிரித்தார். அவர் சொன்னது பெக்கரல் என்ற வேறொரு அலகின் கணக்கு. லிட்டருக்கு ஒரு பிகோக்யூரி என்பது கன மீட்டருக்கு 37 பெக்கரல். அவர் ஊர்க் கணக்கில் எங்கள் வீடு 430-ஐ நெருங்குகிறது என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. இப்போது அவரும் ஒரு டப்பா வாங்கியிருக்கிறார்.

பென்சில்வேனியாவில் மாநிலச் சான்றிதழ் உள்ளவர்கள்தான் இந்த வேலையைச் செய்யலாம். பட்டியல் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் தளத்திலேயே கிடைக்கிறது. கொட்டேஷன் கொடுக்க வந்த ஒருவர், ஃபேனை பேஸ்மென்ட்டிலேயே வைத்துவிடலாம், வெளியே அசிங்கமாகத் தெரியாது என்றார். அந்த ஆளை அப்படியே அனுப்பிவிட்டேன். ஃபேனுக்கு அடுத்த குழாயில் காற்று தள்ளப்பட்டு அழுத்தத்தோடு போகும். அதில் எங்காவது இணைப்பு விட்டால், மண்ணிலிருந்து திரட்டிய ரேடான் முழுக்க வீட்டுக்குள் கொட்டும். ஃபேன் பரணில் இருக்கவேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே.

தேர்ந்தெடுத்தவர் குழாய் போட்டது ஒரே நாளில் முடிந்தது. கான்கிரீட் தளத்தில் துளை போட்டு, அடியில் கொஞ்சம் மண்ணை அள்ளி, பிவிசி குழாயை இறக்கி, வெளிச்சுவர் வழியே கூரைக்கு மேலே கொண்டுபோனார். போகும்போது குழாயில் மாட்டிய யு வடிவக் கண்ணாடிக் குழலைக் காட்டி, "இரண்டு பக்கமும் திரவம் ஏற்ற இறக்கமாக இருக்கிறது பாருங்கள், சிஸ்டம் வேலை செய்கிறது" என்றார். பல பேர் இதைக் கேட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். அந்தக் குழல் சொல்வது குழாயில் இழுவிசை இருக்கிறது என்பதை மட்டும்தான். வீட்டில் ரேடான் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஃபேன் போட்டு 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள் மறுபடி சோதித்தே ஆகவேண்டும். அப்படிச் சோதித்ததில் வந்ததுதான் 6.3.

"கொஞ்ச நாளில் தானாக இறங்கும்" என்றார், இறங்கவில்லை. பிறகு போனை எடுப்பதே குறைந்தது. அந்த நேரத்தில்தான் மனைவி பூஜை அறையிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்தாள். தரையும் சுவரும் சேரும் இடுக்கில் காட்டினாள், புகை லேசாக உள்ளே வளைந்தது. தரைக்கடியில் ஊறும் தண்ணீர் சேரும் சம்ப் குழி மூடியின் ஓரத்தில் காட்டினாள், புகை அப்படியே சர்ரென்று உள்ளே போனது. சந்தேகமே வேண்டாம். மண்ணிலிருக்கும் காற்றை இழுக்கவேண்டிய ஃபேன், அந்த ஓட்டை மூடி வழியாக எங்கள் பேஸ்மென்ட் காற்றை இழுத்து வெளியே துப்பிக்கொண்டிருக்கிறது. தளத்தின் மறுமூலைக்கு இழுவிசையே போய்ச் சேரவில்லை.

அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். சம்ப் மூடி வேலை ஒப்பந்தத்தில் இல்லை, தனிச்செலவு என்று பதில் வந்தது. நல்லவேளை, கையெழுத்துப் போடும் முன்னாலேயே "4-க்குக் கீழே கொண்டுவரப்படும், அதுவரை மீதிப் பணம் நிறுத்திவைக்கப்படும்" என்ற வரியை எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தேன். அதைப் படம் பிடித்து அனுப்பியதும் வேறு பேச்சில்லை, ஆள் வந்தார். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத மூடி போட்டு, தரையோர இடுக்கு முழுக்க பூச்சு அடைத்தார். கண்ணாடிக் குழலில் ஏற்ற இறக்கம் கண்ணெதிரே கூடியது. அடுத்த சோதனையில் 1.3. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 100 பெக்கரலில் பாதிகூட இல்லை. காசோலையை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டர் பேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது போல ஃபேன் வீட்டுக் காற்றை நிறைய இழுத்தால், ஹீட்டரின் புகை மேலே போகாமல் உள்ளேயே திரும்பலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபேன் போட்ட அன்றைக்கே புகைபோக்கி சரியாக இழுக்கிறதா என்று கான்ட்ராக்டரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்களுடையவர் அதையும் கேட்டபிறகுதான் செய்தார். குடியிருப்புச் சங்கத்திலிருந்து நேற்று கடிதம் வந்திருக்கிறது, வெளிக்குழாய்க்குச் சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கவேண்டுமாம்.