வலிக்கு மருந்து எங்கே கிடைக்கும்?

"இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று முற்றிய புற்றுநோயாளியை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகுதான் பண்ண வேண்டியது நிறைய இருக்கிறது. கடும் வலிக்கு ஓபியம் வகை மருந்தான மார்ஃபின், அது மலச்சிக்கல் தரும் என்பதால் கூடவே அதற்கும் மருந்து. புற்றுப்புண் நாறினால் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவுவார்கள். நாற்றம் நன்றாகவே குறையும். அப்புறம்தான் பேரப்பிள்ளைகள் தயங்காமல் கட்டில் பக்கம் வருவார்கள்.

கேரளாவில் இந்த வலி தணிப்புச் சேவையை அரசு ஆரம்பிக்கவில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கினார்கள். பிறகு மலப்புரம் பக்கம் ஊர்க்காரர்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். சில்லறை நன்கொடை, கல்லூரிப் பிள்ளைகள், நர்ஸோடு வீடு வீடாகப் போகும் தொண்டர்கள் என்று வளர்ந்தது. மாநில அரசின் கொள்கை வந்தது 2008-இல். மார்ஃபின் வாங்கி வைக்க ஆஸ்பத்திரிகளுக்கு இருந்த உரிமச் சிக்கலைத் தளர்த்த, மத்திய அரசின் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்த 2014 ஆயிற்று!

நம்மூரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வரவேண்டும். காகிதத்தில் இருப்பதெல்லாம் நடக்குமா என்று சிரிக்காதீர்கள், கேட்டால்தானே நடக்கும். அடுத்த கிராம சபையில் ரோடு, குழாய்ப் பேச்சுக்கு நடுவே யாராவது எழுந்து கேளுங்கள்: நம் வட்டாரத்து நர்ஸ் யார், எந்தக் கிழமை வருவார், பக்கத்தில் மார்ஃபின் எங்கே கிடைக்கும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றச் சொல்லுங்கள்.