மெயின் சீலில் பழியைப் போட்டு எஞ்சினை இரண்டு தரம் இறக்கினோம்

மூன்று மாதத்தில் இரண்டு மெயின் சீல் மாற்றியாயிற்று. கிராங் தண்டு கியர்பொக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஒயிலைத் தடுக்கும் வளையம் அது. அதற்குப் பிறகும் காருக்கு அடியில் போட்ட காட்போட் மட்டையில் விடிய விடிய அதே கறை, ஒரு தேசிக்காய் அளவுக்கு. கசிவு அந்தச் சீலில் இருக்கவே இல்லை. காற்றால் குளிரும் வோக்ஸ்வாகன் எஞ்சினை, அதுவும் கை வைத்து மாற்றிய எஞ்சினை, மட்டக்களப்பில் வைத்திருப்பவர்கள் எங்களைப் போல வீணாய் அலையக்கூடாது என்பதற்காக இது.

வண்டி 1968 பீட்டில். 1500 எஞ்சின், 83 மில்லிமீற்றர் சிலிண்டரை எடுத்துவிட்டு 87 போட்டது. ஸ்ட்ரோக் அதே 69 என்பதால் கணக்கு 1641 சிசி. இரட்டைக் காபரேற்றர், 30 மில்லிமீற்றர் பல்சக்கரம் உள்ள பெரிய ஒயில் பம்ப். பழைய கூலருக்குப் பதிலாக, 1971இலிருந்து வந்த, ஃபேன் கூட்டுக்கு முன்னால் தனிக்கூண்டில் நிற்கும் ஒயில் கூலர். பூட்டியவர் கைகாரர்தான். ஆனால் ஒரு சாமானை மாற்றினால் அதோடு சேர்த்து மாற்ற வேண்டியது இன்னும் இரண்டு இருக்கும். அங்கேதான் கோட்டை விட்டிருந்தார்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஒயில் சொட்டியது. பார்த்தவுடன், “மெயின் சீல் போயிட்டு தம்பி, இறக்கத்தான் வேணும்” என்றார்கள். இறக்கினோம். விரலில் தொட்டு மணந்து பார்த்ததில் கியர் ஒயிலின் கந்தக நெடி இல்லை, எஞ்சின் ஒயில்தான். அந்த அளவில் சரி. பிளைவீலைக் கழற்றி, புதுச் சீல், பிளைவீலுக்குள்ளே இருக்கும் ஓ-ரிங், இரண்டும் போட்டாயிற்று. பிளைவீலைப் பிடிக்கும் நடுநட்டுக்கு 343 நியூட்டன் மீற்றர் இறுக்கம் வேண்டும், அதாவது 35 கிலோகிராம்-மீற்றர். பெரிய டோர்க் ஸ்பானர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: 36 சொக்கெற்றில் நீளக் கம்பி மாட்டி, மையத்திலிருந்து சரியாக அரை மீற்றரில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் கணக்கு வந்துவிடும். குத்துமதிப்பாய் இறுக்கினால் நட்டு இளகி, கிராங்கையும் பிளைவீலையும் சேர்த்துத் தின்றுவிடும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும், அதைச் சரிசெய்யும் ஷிம் என்ற மெல்லிய வளையம் எப்போதும் மூன்று. எங்களுடையது 0.10. அங்கே ஒரு குறையும் இல்லை.

அப்போதே ஒரு சாட்சி கண்ணுக்கு முன்னால் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மெயின் சீல் கசிந்தால் பிளைவீல் ஒயிலைச் சுழற்றி எறியும். கியர்பொக்ஸ் கூண்டின் உட்சுவரில் வட்டமாய்த் தெறித்த கறை இருக்கும், கிளச் தட்டும் நனைந்து நழுவும். எங்கள் பிளைவீலின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. ஈரம் முழுவதும் எஞ்சின் கேஸின் மேல் விளிம்பில். அங்கிருந்து இரண்டு கோடாய் இறங்கி அடியில் சேர்ந்திருந்தது. மேலே இருந்து வரும் ஒயில் கீழே உள்ள சீலின் மேல் பழியைப் போடுகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்தும் “புதுச் சீல் சரியில்லை போல” என்று சொல்லி இரண்டாம் தரம் இறக்கினதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

இரண்டாம் தரமும் சொட்டிய பிறகே முறையாய்த் தேடத் தொடங்கினோம். மண்ணெண்ணெயும் பழைய பிரஷுமாய் எஞ்சினை அடிமுதல் நுனிவரை கழுவி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பொலித்தீனால் கட்டி, ஒரு பகல் காயவிட வேண்டும். அதன் மேல் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவினால் கசியும் இடம் கறுத்துக் காட்டும் என்பார்கள். உண்மை, ஆனால் இந்த எஞ்சினில் பாதிதான் உண்மை. ஸ்டார்ட் பண்ணிய மறுநொடி ஃபேன் காற்று பவுடரை அள்ளிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு வெளியே கச்சான் காற்று வேறு. அடிப்பக்கம், வால்வு மூடி, ஒயில் பம்ப் மூடி, சல்லடைத் தட்டு ஆகிய இடங்களுக்குப் பவுடர் போதும். கூலர் பக்கத்துக்கு உதவாது.

அதற்கு வழி: குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். காற்று இல்லாததால் ஒயில் வருகிற இடத்திலேயே தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒருபோதும் ஓடவிடாதீர்கள், குளிர்விக்க ஒன்றும் இல்லை. ஒருவர் சாவியில் நிற்க, இன்னொருவர் டோர்ச்சும் சின்னக் கண்ணாடியுமாய் ஃபேன் கூட்டின் இடதுபக்கம் பார்க்க வேண்டும். எங்களுக்கு 20 விநாடி போதுமாயிருந்தது. கூலர் கேஸில் உட்காரும் இடத்தில் ஒரு முத்து போல ஒயில் திரண்டது. அது உடைந்து ஓட, அடுத்தது திரண்டது. சூடேறி ஒயில் இளகிய பிறகு அதே இடம் காய்ந்து கிடக்கும். சூடான வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் எந்த மெக்கானிக்கும் அதைப் பார்க்கப் போவதில்லை.

கூலரைக் கழற்றி, நுணுக்கமாய் அளக்கும் வேர்னியர் பிடித்தால் விஷயம் வெளியே வந்தது. பழைய கேஸின் ஒயில் துளை 8 மில்லிமீற்றர், புதிய வகைக் கூலரின் துளை 10. இரண்டுக்கும் நடுவே படிவைத்த சீல் வேண்டும், ஒருபக்கம் 8, மறுபக்கம் 10. அதை விட்டு நேர்ச் சீலைப் போட்டு, குறையை மறைக்கச் சிவப்புச் சிலிக்கன் அப்பியிருந்தார்கள். அந்தச் சிலிக்கனின் துணுக்குகள் கீழே சல்லடையில் சிக்கியிருந்தன. ஒயில் ஓடும் துளைக்குப் பக்கத்தில் சிலிக்கன் வைப்பவர் கையில் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

சீல் வாங்க இரவு பஸ்ஸில் கொழும்புக்கு, உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஒரு பயணம். “கஸ்கெற் செற்றில் எல்லாம் இருக்கு” என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து பிரித்தால் 8இல் ஒரு சோடி, 10இல் ஒரு சோடி, படிவைத்தது இல்லை. அது பெரும்பாலும் தனியாகத்தான் வரும். கடையிலேயே பையைப் பிரித்து வேர்னியரால் அளந்து வாங்குங்கள். கேஸுக்கும் கூலர் தாங்கிக்கும் நடுவே படிவைத்தது இரண்டு, தாங்கிக்கும் கூலருக்கும் நடுவே 10 இரண்டு, மொத்தம் நான்கு. நட்டு மூன்றும் சின்ன எம்6தான், 7 நியூட்டன் மீற்றர் போதும். வலுவைக் காட்டினால் ஸ்டட் மரையோடு கழன்று வரும்.

சீல் மாற்றியதோடு நின்றிருந்தால் அடுத்த மாதம் மறுபடி கழற்றியிருப்போம். சீலைத் தள்ளியது எது என்பதுதான் கேள்வி. பிரஷர் மீற்றர் மாட்டிக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முள் 100 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி நின்றது. கூலர் கசிந்தால், ஒயில் அழுத்தம் கூடும்போது திறந்துவிடும் பிரஷர் வால்வையும் பாருங்கள் என்பது இந்த எஞ்சினுக்குப் பழைய விதி. அடியில், பம்ப் பக்கம் இடதுபுறம், பெரிய வெட்டுப் போட்ட திருகுமூடி இருக்கும். பழைய கேஸுக்கு ஒரே வால்வு. மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் தாமாய் விழ வேண்டும். எங்களுக்கு ஸ்பிரிங் மட்டும் வந்தது. பிஸ்டன் மேலே இறுகி நின்றது, அதாவது மூடிய நிலை. குளிர்ந்த கெட்டி ஒயில் கூலரைத் தவிர்த்துப் போக வழியில்லை, 30 பம்ப் தள்ளுவது முழுவதும் கூலர் சீலில்தான் ஏறும். பொள்ளல் பிஸ்டனுக்குள் மரை வெட்டும் எம்10 டப்பை மெதுவாய்த் திருகி இழுத்து எடுத்தோம். 600ஆம் நம்பர் தாளால் பிஸ்டனை மட்டும் தேய்க்கலாம், கேஸின் துளையைத் தொடாதீர்கள், அது மென்மையான மக்னீசியக் கலவை. ஸ்பிரிங் தளர்வாய் 62 முதல் 64 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், இருந்தது. பம்பை 26க்கு இறக்கினோம். வீதியில் ஓடும் வண்டிக்கு 30 வேண்டும் என்பதெல்லாம் வீண் பந்தா. சூடேறிய பிறகு, 70 பாகை ஒயிலில், 2500 சுற்றில் 2 பார் அழுத்தம் (ஏறத்தாழ 29 பி.எஸ்.ஐ.) கிடைத்தால் போதும்.

பின்பக்கம் கிராங் புல்லியில் வடிந்தது வேறு கசிவு. அங்கே சீலே கிடையாது. புல்லியின் கழுத்தில் வெட்டிய மரைதான் ஒயிலை உள்ளே திருப்பும், கேஸுக்குள் காற்றழுத்தம் ஏறினால் அது தோற்றுவிடும். இரட்டைக் காபரேற்றர் போட்டபோது பழைய ஏர் கிளீனர் போனது. கேஸுக்குள் சேரும் காற்றை வெளியேற்ற அதற்குப் போன மூச்சுக்குழாய் வாயை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டிருந்தார்கள்! ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக் தானே மேலே ஏறி நின்றதன் காரணம் அதுதான். போல்ட்டை எடுத்து, ஒயில் தாங்கும் குழாயை எங்கும் தொய்யாமல் மேல்நோக்கி ஏற்றி ஒரு டப்பாவில் விட்டதும் புல்லிக் கசிவு நின்றது. தண்ணீர்க் குழாயைப் போடாதீர்கள், ஊறி உள்ளே தட்டையாகிவிடும்.

களுவாஞ்சிகுடி வரை போய்த் திரும்பிய பிறகு கியர்பொக்ஸ் பக்கம் காய்ந்திருந்தது. 1ஆம் சிலிண்டரில், வால்வைத் தள்ளும் கம்பி ஓடும் புஷ்ரொட் குழாயின் அடியில் மட்டும் ஒரு ஈரம் மிச்சம். குழாயை 190 முதல் 191 மில்லிமீற்றருக்கு இழுத்து, அதன் ஒட்டுத் தையல் மேலே பார்க்கப் பூட்டியிருக்க வேண்டும். அதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும். இப்போதைக்கு மட்டை கீழேயே கிடக்கிறது, கறை ஐந்து சதக் காசளவு.